ரைட் அவே: டிக்கன்ஸ் காதால் கண்ட அமெரிக்கா

சார்லஸ் டிக்கன்ஸ் அமெரிக்க மண்ணில் கால்வைத்த முதல் நாளிலேயே இரண்டு சிறிய சொற்கள் அவரைத் தடுக்கி விழச் செய்தன. அது 1842ஆம் ஆண்டு, ஜனவரி 22. லிவர்பூலிலிருந்து புறப்பட்ட ‘பிரிட்டானியா’ என்னும் நீராவிக் கப்பல் குளிர்கால அட்லாண்டிக்கின் புயல்களில் அல்லாடி, ஒருவழியாகப் பாஸ்டன் துறையைச் சேர்ந்திருந்தது. நான்கு குழந்தைகளையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டு மனைவி கேத்தரினுடன் வந்திருந்தார் டிக்கன்ஸ். முப்பது வயது நிறைய இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. ‘பிக்விக்’, ‘ஆலிவர் ட்விஸ்ட்’, ‘நிக்கலஸ் நிக்கிள்பி’ ஆகியவற்றால் இரு கண்டங்களிலும் பெயர் பரவியிருந்தது. நகரின் புகழ்பெற்ற ட்ரெமான்ட் ஹவுஸ் விடுதியில் இறங்கியதும் பணியாளரை அழைத்துச் சாப்பாடு வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டார் பணியாளர். எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் என்றார் டிக்கன்ஸ். உடனே வந்தது அந்தக் கேள்வி: ‘ரைட் அவே?’

டிக்கன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சற்றுத் தயங்கி, குத்துமதிப்பாக ‘இல்லை’ என்றார். பணியாளர் திடுக்கிட்டார். விரைவில் வேண்டும் என்று சொன்ன வாயே இப்போது வேண்டாம் என்கிறதே! மறுபடியும் கேட்டார். டிக்கன்ஸோ, இந்தத் தனியறையிலேயே சாப்பிடுவது தமக்கு விருப்பம் என்று பணிவோடு விளக்கினார். பணியாளருக்குச் சித்தம் கலங்கிவிடும் போலிருந்தது. நல்லவேளையாக அங்கிருந்த இன்னொருவர் அவர் காதில் இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் சொல்லைக் கிசுகிசுத்தார். ‘ரைட் அவே’ என்றால் ‘இப்பொழுதே’ என்று பொருள். பத்தே நிமிடத்தில் அருமையான சாப்பாடு வந்து சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான ‘அமெரிக்கக் குறிப்புகள்’ என்னும் பயண நூலில் டிக்கன்ஸ் தம்மையே கேலி செய்துகொண்டு எழுதிய நிகழ்ச்சி இது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பக்கத்தை உரக்கப் படித்தபோது எழுந்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. பிறகுதான் அந்தத் தடுமாற்றத்தின் நியாயம் எங்களுக்குப் புலப்பட்டது. ‘அவே’ என்பது இடத்தைக் குறிக்கும் சொல். ‘அப்பால்’ என்று நாம் சொல்வதற்கு இணையானது. எனவே அப்பால் எங்கேனும் கொண்டுபோய்ப் பரிமாறவா என்று கேட்பதாகவே டிக்கன்ஸ் எடுத்துக்கொண்டார். இடத்தைச் சுட்டும் சொல் காலத்தைச் சுட்டத் தொடங்குவது எம்மொழியிலும் நடப்பதுதான். சென்னைத் தமிழில் ‘அப்பால வரேன்’ என்றால் ‘பிறகு வருகிறேன்’ என்றே பொருள். அமெரிக்கரின் ‘அப்பால்’ இக்கணத்தைக் குறிக்கிறது. சென்னைவாசியின் ‘அப்பால்’ இன்னொரு நேரத்தைக் குறிக்கிறது. எங்கள் வட்டத்திலுள்ள யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், சென்னைக்கு வந்த புதிதில் மளிகைக் கடையில் ‘கெதியாத் தாங்கோ’ என்று கேட்டாராம். கடைக்காரர் அப்படி ஒரு சரக்கு இப்போது வரவில்லை என்று கைவிரித்தாராம். ‘விரைவாக’ என்பதே அதன் பொருள் என்று சொல்ல அங்கே இரண்டாமவர் ஒருவரும் இல்லை.

முற்றிலும் வேறான மொழி பேசும் நாட்டுக்குச் செல்பவன் எச்சரிக்கையாகவே செல்கிறான். தன் மொழியையே பேசும் அயல்நாட்டுக்குச் செல்பவனுக்கு அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. எல்லாம் புரியும் என்று நம்பிப் போகிறவன் எதைப் புரிந்துகொண்டான், எதைத் தவறவிட்டான் என்பதே டிக்கன்ஸின் ஆறுமாதப் பயணத்தில் எங்கள் கவனத்தை ஈர்த்தது.

டிக்கன்ஸ் போய் இறங்கிய அமெரிக்கா, தன் ஆங்கிலத்தைப் பற்றி ஏற்கெனவே நிறைய யோசித்திருந்த நாடு. ‘அமெரிக்கனிசம்’ என்னும் சொல்லையே, ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் விதர்ஸ்பூன் 1781இல் உருவாக்கிவிட்டார். நோவா வெப்ஸ்டரின் பெரிய அகராதி 1828இல் வெளிவந்தது. அரசியல் விடுதலை பெற்ற மக்களுக்கு மொழி விடுதலையும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. டிக்கன்ஸ் வருவதற்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், 1839 மார்ச் 23 அன்று, இதே பாஸ்டனின் நாளிதழ் ஒன்று, ‘எல்லாம் சரி’ என்னும் தொடரை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அதன் முதலெழுத்துகளை வேடிக்கையாக அச்சிட்டது. அதுதான் ‘ஓகே’. இன்று உலகின் எம்மூலையிலும் புழங்கும் அச்சொல் அப்போது நடைபயிலாத குழந்தை. டிக்கன்ஸ் சென்று ஆறாண்டுகள் கழித்து, 1848இல், ஜான் ரஸ்ஸல் பார்ட்லெட் அமெரிக்க வழக்குச் சொற்களுக்கென்றே தனி அகராதி ஒன்றைத் தொகுத்தார். சொற்கள் கொதித்துக்கொண்டிருந்த உலைக்குள் டிக்கன்ஸ் கையை விட்டிருந்தார் எனலாம்.

அந்த உலையில் அவர் கண்ட பெருஞ்சோறு ‘ஃபிக்ஸ்’ என்னும் வினைச்சொல். இங்கிலாந்தில் பொருத்துதல், நிலைநிறுத்துதல் என்ற அளவில் நின்ற சொல் அது. அமெரிக்காவில் அது செய்யாத வேலை இல்லை. ஒருவரைப் பார்க்கச் சென்றால், அவர் தம்மை ‘ஃபிக்ஸ்’ செய்துகொண்டிருப்பதாக வீட்டு ஆள் சொல்வார். உடுத்திக்கொண்டிருக்கிறார் என்று பொருள். படகில் மேசையை ‘ஃபிக்ஸ்’ செய்கிறார்கள் என்றால், விரிப்பு விரித்துச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்கிறார்கள். பெட்டிகளை எடுத்துவைக்கச் சொன்னால் சுமைகூலி அவற்றை ‘ஃபிக்ஸ்’ செய்வார். உடம்பு சரியில்லை என்றால் இன்ன மருத்துவர் நொடியில் ‘ஃபிக்ஸ்’ செய்வார். ஒரு விடுதியில், சூடாக்கிய மதுவைத் தாமதமாகக் கொண்டுவந்த உரிமையாளர், அது ஒழுங்காக ‘ஃபிக்ஸ்’ ஆகவில்லையோ என்று வருந்தினாராம். கால்வாய்ப் படகொன்றில், பாலும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த உருளைக்கிழங்கை நீட்டிய சக பயணி, அதையும் இச்சொல்லிலிருந்து பிறந்த ஒரு பெயராலேயே குறிப்பிட்டார்.

இதைப் படித்ததும் எங்களுள் ஒருவர் தமிழில் ‘போடு’ என்றார். அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாம் சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், காப்பி போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், ஊசி போட்டுக்கொள்கிறோம், பசித்தவருக்குச் சோறு போடுகிறோம். தமிழகத்துக்கு வரும் ஓர் அயலார், இவர்கள் எந்நேரமும் எதையாவது கீழே போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று எழுதிவைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பழகிய காதுக்கு அந்தச் சொல் கேட்பதே இல்லை. புதிய காதுக்கு அது மட்டுமே கேட்கிறது. முதற்பார்வையின் வலிமையும் குறையும் இதுதான்.

டிக்கன்ஸின் காது சாதாரணக் காதன்று என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவருக்கு முதற்புகழைத் தேடித்தந்ததே கொச்சைமொழிதான். 1836–37இல் மாதந்தோறும் வெளிவந்த ‘பிக்விக்’கில், சாம் வெல்லர் என்னும் லண்டன் பணியாள் தன் தெருப்பேச்சோடு நுழைந்த பிறகே அந்தத் தொடரின் விற்பனை உச்சத்துக்குப் போனது. சாம் வெல்லரின் பேச்சை அமெரிக்கர்களும் மனப்பாடமாகச் சொன்னார்கள். டிக்கன்ஸ் அமெரிக்கப் பேச்சைக் கேட்டுச் சிரித்ததில் வல்லெழுத்து மிகவில்லை என்று புருவம் உயர்த்தும் பண்டிதத் தோரணை இல்லை. ஒரு சேகரிப்பாளரின் ஆசை அதில் இருந்தது. ஒஹையோ மாநிலத்தில் கோச்சு வண்டியில் சென்றபோது, தொப்பியால் மட்டுமே அடையாளம் காணப்பட்ட இருவர் ‘ஆமாம் ஐயா’ என்ற ஒரே தொடரை வினாவாக, வியப்பாக, ஐயமாக, உடன்பாடாக மாற்றி மாற்றிச் சொல்லியே ஒரு முழு உரையாடலை நடத்தி முடித்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். எழுத்தில் ஒன்றாகத் தெரிவது ஒலியில் பத்தாக இருப்பதை அறிந்த காது அது.

அவருக்கு முன்னரே இவ்வழியில் வந்தவர்கள் உண்டு. நாவலாசிரியர் ஆந்தனி ட்ராலப்பின் தாயாரான ஃபேனி ட்ராலப், 1828இல் சின்சினாட்டி நகருக்கு வந்து கடை வைத்துப் பார்த்தார், வணிகம் நொடித்தது. ஊர் திரும்பி 1832இல் அவர் வெளியிட்ட ‘அமெரிக்கரின் இல்லற வழக்கங்கள்’ என்னும் நூல் இங்கிலாந்தில் பரபரப்பாக விற்றது. அமெரிக்காவில் அவர் பெயரே வசைச்சொல்லாயிற்று. நாடக அரங்கில் எவரேனும் காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தால், பின்னிருக்கைகளிலிருந்து ‘ட்ராலப்’ என்று கூச்சல் எழுமாம். கடற்படைத் தலைவரும் நாவலாசிரியருமான மேரியட் 1839இல் தம் நாட்குறிப்பை வெளியிட்டார். கால் என்ற சொல்லையே அமெரிக்கப் பெண்கள் வாயால் சொல்வதில்லை என்றும், ஒரு பெண்கள் பள்ளியில் பியானோவின் கால்களுக்குக்கூட நாணம் கருதி உறை மாட்டியிருந்தார்கள் என்றும் எழுதினார். அவருடன் சென்றவர் வேடிக்கைக்காக அளந்த கதையை அவர் நம்பிவிட்டார் என்றே வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். ஊருக்குப் புதியவனைக் கண்டால் ஊரார் சீண்டிப் பார்ப்பது எங்கும் உள்ள வழக்கம். பயண நூல்களைச் சான்றாகக் கொள்பவர்கள் இந்தப் பியானோவை மறக்கலாகாது.

பேச்சை விட்டு நாள்வாழ்க்கைக்கு வருவோம். டிக்கன்ஸ் கண்ட அமெரிக்காவில் புகையிலை மெல்லாத ஆண்மகனைக் காண்பதே அரிது. வாஷிங்டன் நகரத்தை அவர் எச்சிலின் தலைநகரமாகவே கண்டார். நீதிமன்றத்தில் நீதிபதிக்கு ஒரு படிக்கம், சாட்சிக்கு ஒன்று, கைதிக்கு ஒன்று. மருத்துவமனைச் சுவரில், படிக்கட்டில் துப்ப வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவிப்பு. நாடாளுமன்றத்தின் விலையுயர்ந்த கம்பளத்தில் எதையாவது தவறவிட்டால், பணப்பையே ஆனாலும் வெறுங்கையால் எடுக்கலாகாது என்று அவர் புதியவர்களுக்குப் புத்தி சொன்னார். வெற்றிலைச் சாற்றின் சிவப்பை அரசு அலுவலகச் சுவர்களில் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு இதைப் படிக்கும்போது சிரிக்கவும் முடியவில்லை.

நியூயார்க்கின் பிராட்வே வீதியில் பன்றிகள் கனவான்களைப் போல் உலாவின. நீராவிப் படகின் சாப்பாட்டு மேசையில் ஒருவரும் பேசவில்லை. கடன் தீர்ப்பதுபோல் விழுங்கிவிட்டு எழுந்தார்கள். பென்சில்வேனியாவின் கால்வாய்ப் படகில், அறையின் இருபுறமும் மூன்றடுக்காகத் தொங்கிய பலகைகளைப் பார்த்துப் புத்தக அலமாரி என்று மகிழ்ந்தார் டிக்கன்ஸ். பிறகுதான் தெரிந்தது, இரவில் பயணிகளை அடுக்கும் தட்டுகள் அவை என்று. காலையில் முகம் கழுவ, சங்கிலியால் தளத்தோடு பிணைத்த ஒரு தகரக் கரண்டிதான் எல்லோருக்கும்.

இவற்றை மட்டுமே அவர் எழுதினார் என்று கொள்வது தவறு. லோவல் நகரின் ஆலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் தங்கள் விடுதிகளில் பியானோ வைத்திருந்ததையும், நூலகங்களுக்குச் சந்தா கட்டிப் படித்ததையும், தாங்களே எழுதி ‘லோவல் ஆஃபரிங்’ என்ற இதழை நடத்தியதையும் வியந்து எழுதினார். பாஸ்டனின் பார்வையற்றோர் பள்ளியில், பார்வையும் செவியும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமி விரல்களால் மொழி கற்றதைப் பல பக்கங்களில் விவரித்தார். ஏறத்தாழ 44 ஆண்டுகளுக்குப் பிறகு, அலபாமாவில் ஒரு தாய் அந்தப் பக்கங்களைப் படித்துத் தம் மகளுக்கும் வழியுண்டு என்று நம்பிக்கை கொண்டார். அந்த மகளின் பெயர் ஹெலன் கெல்லர். ஒரு பயணியின் முதற்பார்வைக்கு இப்படியும் ஒரு பயன் விளைந்திருக்கிறது.

இனி, எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்த சொல்லுக்கு வருகிறோம். அமெரிக்காவின் வடபகுதியில் வீட்டு வேலை செய்யும் வெள்ளையர், தம்மை ‘வேலைக்காரர்’ என்று அழைப்பதை ஏற்கவில்லை. ‘உதவியாள்’ என்னும் பொருளில் ‘ஹெல்ப்’ என்றே சொல்ல வேண்டும். சின்சினாட்டியில் ஃபேனி ட்ராலப் இதைக் கண்டு எரிச்சலுற்றார். கூலி வாங்கும் பெண்ணுக்கு இவ்வளவு மிடுக்கா என்பது அவர் கேள்வி. ‘எஜமான்’ என்ற சொல்லும் அவர்களுக்கு ஒவ்வாது. அதற்குப் பதிலாக நியூயார்க்கின் பழைய டச்சுக் குடியேறிகளிடமிருந்து ‘பாஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாவலாசிரியர் ஃபெனிமோர் கூப்பர் 1838இல் இவ்விரு சொற்களையும் கண்டித்தார். பொருள் ஒன்றாக இருக்கையில் பெயரை மட்டும் மாற்றுவது பாசாங்கு என்பது அவர் கருத்து.

பாசாங்குதானா? தென்பகுதியில் அடிமை வைத்திருந்தவர்கள் அடிமை என்ற சொல்லை வாயால் சொல்லக் கூசினார்கள். ‘எங்கள் வேலைக்காரர்’ என்றே நாசூக்காகக் குறிப்பிட்டார்கள். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 1 கோடியே 70 லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் அடிமைகள். வேலைக்காரர் என்ற சொல்லின் மேல் அவர்களுடைய நிழல் விழுந்துவிட்டது. வடபகுதியின் ஏழை வெள்ளையர் அந்தச் சொல்லை உதறியதில் சுயமரியாதை இருந்தது. தாம் கறுப்பர் அல்லர் என்று சொல்லிக்கொள்ளும் அவசரமும் இருந்தது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருந்தன. பயணிகள் கொச்சை என்று குறித்துக்கொண்டு நகர்ந்த இடத்தில் ஒரு நாட்டின் தீராத வழக்கு புதைந்திருந்தது. சொல்லைக் கேட்டவர்கள் பலர். அது ஏன் அப்படி வழங்குகிறது என்று கேட்டவர்கள் சிலரே.

1842 மார்ச் மாதத்தில் பால்டிமோரில் டிக்கன்ஸுக்கு முதன்முறையாக அடிமைகள் உணவு பரிமாறினார்கள். குற்றமற்ற தமக்கே அங்கே வெட்கமும் குற்றவுணர்வும் உண்டாயிற்று என்று அவர் எழுதுகிறார். ரிச்மண்ட் செல்லும் ரயிலில், கறுப்பருக்கென ஒதுக்கிய பெட்டியில், அப்போதுதான் விலைக்கு வாங்கப்பட்ட ஒரு தாயும் குழந்தைகளும் இருந்தார்கள். கணவன் பழைய உடைமையாளரிடமே விடப்பட்டிருந்தான். குழந்தைகள் வழிநெடுக அழுதன. அவர்களை வாங்கியவர் அதே ரயிலில் வந்தார்; வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கிப்போய்ச் சரக்கு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். இன்னும் தெற்கே செல்லும் திட்டத்தை டிக்கன்ஸ் ரிச்மண்டோடு கைவிட்டார்.

நூலின் இறுதிப் பகுதியில் அடிமை முறைக்கென ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. அதில் அவர் தம் வாதத்தைப் பெரும்பாலும் செய்தித்தாள் விளம்பரங்களைக் கொண்டே நடத்துகிறார். தப்பி ஓடியவர்களைப் பிடித்துத் தரக் கோரி உடைமையாளர்களே கொடுத்த விளம்பரங்கள் அவை. அடையாளத்துக்காக அவற்றில் குறிக்கப்பட்டவை: கழுத்தில் இரும்பு வளையம், காலில் சங்கிலி, கன்னத்தில் சூடு வைத்த எழுத்து, அறுபட்ட காது, இல்லாத விரல்கள். இவற்றைப் பெரும்பாலும் தியோடர் வெல்டு 1839இல் தொகுத்து வெளியிட்ட அடிமை எதிர்ப்பு நூலிலிருந்தே டிக்கன்ஸ் எடுத்துக்கொண்டார். அதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது அவர் மீது ஆய்வாளர்கள் வைக்கும் குறை. அக்குறை நியாயமானதே. ஆனாலும் அந்த விளம்பரங்களின் மொழியை உற்றுநோக்கினோம். கொச்சையே இல்லை. இலக்கண சுத்தமான, இங்கிலாந்தின் எந்தப் பள்ளி மாணவனுக்கும் விளங்கக்கூடிய ஆங்கிலம். ‘ரைட் அவே’க்குப் பொருள் சொல்ல ஒரு துணையாள் தேவைப்பட்டார். இவற்றுக்கு எவரும் தேவைப்படவில்லை.

மொழி பற்றி அவர் மனத்தில் கொண்டிருந்த படிநிலையை அசைத்த இன்னொரு சந்திப்பும் உண்டு. சின்சினாட்டியிலிருந்து லூயிவில் செல்லும் படகில், சாக்டா பழங்குடித் தலைவர் பீட்டர் பிட்ச்லின் தம் பெயரட்டையை அனுப்பி டிக்கன்ஸைக் காண வந்தார். ஆங்கிலத்தை அவர் கற்கத் தொடங்கியது இளைஞரான பிறகுதான். ஆனால் சிறப்பாகப் பேசினார். வால்டர் ஸ்காட்டை ஆழ்ந்து படித்திருந்தார். தம் மக்களின் சார்பில் வாஷிங்டனில் அரசோடு பேச்சு நடத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மிசிசிப்பியிலிருந்த தம் பூர்வ நிலத்திலிருந்து சாக்டா மக்கள் 1830களின் தொடக்கத்தில் மேற்கே துரத்தப்பட்டிருந்தனர். அந்த நதிப் பயணத்தில் டிக்கன்ஸ் மனமுவந்து மதித்த உரையாடல் இவருடையதுதான். பிரிந்த சிறிது காலத்தில் பிட்ச்லின் தம் உருவப்படம் ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார்.

ஜூன் மாதம் டிக்கன்ஸ் ஊர் திரும்பினார். நூல் வெளிவந்ததும் அமெரிக்க இதழ்கள் சீறின. சீற்றத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. பிப்ரவரியில் பாஸ்டன், ஹார்ட்ஃபர்ட் விருந்துகளில், அயல்நாட்டு எழுத்தாளருக்கும் பதிப்புரிமை வேண்டும் என்று அவர் பேசினார். அமெரிக்கப் பதிப்பாளர்கள் அவருடைய நூல்களை ஒரு காசும் தராமல் அச்சிட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. விருந்துக்கு வந்தவர் பணம் கேட்கிறார் என்று இதழ்கள் தூற்றின. ‘அமெரிக்கக் குறிப்புகள்’ நூலும் அவ்வாறே உரிமையின்றி அச்சிடப்பட்டு மலிவு விலையில் பரவியது. தம்மைத் திட்டும் நூலைத் திட்டிக்கொண்டே திருடினார்கள். டிக்கன்ஸும் சும்மா இருக்கவில்லை. 1843–44இல் தொடராக வந்த ‘மார்ட்டின் சஸ்ஸில்விட்’ நாவலில் தம் நாயகனை அமெரிக்காவுக்கு அனுப்பி, கேலியைக் காழ்ப்பாகவே மாற்றிவிட்டார். பயண நூலில் காதுக்கு இனிமையாக இருந்த வழக்குச் சொற்கள் நாவலில் முட்டாள்களின் முத்திரையாகிவிட்டன. இந்த வீழ்ச்சியை நாங்கள் வருத்தத்தோடுதான் படித்தோம். அயலார் பதிப்புரிமையை அமெரிக்கச் சட்டம் ஏற்றது 1891இல். டிக்கன்ஸ் மறைந்து இருபத்தோராண்டுகள் கழித்து.

கதை இத்துடன் முடிந்திருந்தால் முதற்பார்வையின் அவசரத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே இது நின்றிருக்கும். ஆனால் 1867 நவம்பரில் டிக்கன்ஸ் மறுபடியும் பாஸ்டன் வந்தார். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் நடந்து, 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்திருந்தது. அவரும் மாறியிருந்தார். முதற்பயணத்தின்போது கைக்குழந்தையாக விட்டுவந்த மகன் வால்டர், படைவீரனாக இந்தியா வந்து, 1863ஆம் ஆண்டின் கடைசி நாளில் கல்கத்தாவில் இறந்துபோயிருந்தான். கேத்தரினைப் பிரிந்து பத்தாண்டுகள் ஆகப்போகின்றன. உடல் நலிந்திருந்தது. இம்முறை அவர் வந்தது தம் படைப்புகளை மேடையில் வாசித்துக் காட்டுவதற்காக. டிசம்பர் 2 அன்று, பழைய ட்ரெமான்ட் ஹவுஸுக்கு எதிர்ச்சாரியிலிருந்த ட்ரெமான்ட் டெம்பிள் அரங்கில் முதல் வாசிப்பு. கிறிஸ்துமஸ் கதையும், ‘பிக்விக்’கின் நீதிமன்றக் காட்சியும். சாம் வெல்லர் சாட்சிக் கூண்டில் ஏறும் காட்சி அது. லண்டன் கொச்சையைக் கேட்டுப் பாஸ்டன் மக்கள் ஆர்ப்பரித்தார்கள்.

1868 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் டெல்மானிகோ விடுதியில் பத்திரிகையாளர்கள் அவருக்கு விருந்தளித்தார்கள். அங்கே அவர் ஒரு வாக்குறுதி தந்தார். நாட்டிலும் மக்களிடமும் தாம் கண்ட மாற்றங்களையும், தமக்குக் காட்டப்பட்ட பண்பையும் எழுத்தில் பதிவு செய்வதாகவும், தாம் வாழும் வரையிலும், தமக்குப் பின் உரிமை பெற்றவர்கள் உள்ள வரையிலும், அமெரிக்காவைப் பற்றிய தம் இரு நூல்களின் ஒவ்வொரு பிரதியிலும் அதைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பதாகவும் அறிவித்தார். தாமும் மாறியிருப்பதையும், முதல் வருகையில் திருத்திக்கொள்ள வேண்டிய கருத்துகள் தமக்கு இருந்திருக்கக்கூடும் என்பதையும் அவ்வுரையில் அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுகளில், 1870 ஜூன் 9 அன்று, அவர் காலமானார்.

எங்கள் கையிலிருந்த பழைய பதிப்பிலும் அந்தப் பின்னிணைப்பு இருந்தது. கவனிக்க வேண்டியது, உள்ளே இருந்த எதையும் அவர் அடித்துவிடவில்லை என்பதே. எச்சில் கம்பளம் அப்படியே இருக்கிறது. ‘ஃபிக்ஸ்’ அப்படியே இருக்கிறது. காதறுந்தவரைத் தேடும் விளம்பரங்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முதலில் கண்டது முன்னே, பிறகு உணர்ந்தது பின்னே; இடையிலுள்ள கால் நூற்றாண்டை வாசகர் தாமே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். தம் முதற்பார்வைக்கு இவ்வளவு நேர்மையாகக் கணக்கு ஒப்பித்த பயணிகளை நாங்கள் அதிகம் சந்தித்ததில்லை.

வாசிப்பு முடிந்து கலைந்தபோது இரவு நெடுநேரமாகிவிட்டது. எங்களுள் ஒருவரின் கைப்பேசி ஒலித்தது. வீட்டிலிருந்து அழைப்பு. தங்கைக்கு மாப்பிள்ளை ‘ஃபிக்ஸ்’ ஆகிவிட்டதாம். ‘ஓகே, ஓகே, இதோ வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். போகிறவர் எங்களைப் பார்த்தும் ‘வருகிறேன்’ என்றே சொல்லிவிட்டுப் போனார்.